அப்பாருக்கு (தாத்தாவுக்கு) எது சரி: ஈஸி சேரா, கை வைத்த நாற்காலியா?

கொங்குப் பக்கத்துப் பழைய வீடுகளின் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், துணி போட்ட ஈஸி சேர் ஒன்று கிடக்கும். பெரியவர்களுக்கு நாற்காலி வாங்கப் போகிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முட்டி வலி இருக்கிறவர் என்றால் கை வைத்த மர நாற்காலியைத்தான் நான் சொல்வேன்.

ஈஸி சேரில் துணி தொய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். எழுந்திருக்கும்போது உடம்பின் பாரம் முழுக்கத் தொடையிலும் முட்டியிலும் விழும். நேர் நாற்காலியில் உட்காரும் பலகை சுமார் 17, 18 அங்குல உயரம். பாதம் தரையில் நன்றாக ஊன்றும். இரண்டு கைகளையும் அழுத்தி, கொஞ்சம் முன்னால் நகர்ந்து எழுந்துவிடலாம். கடையில் பார்க்கும்போது கைப்பிடி பலகையின் முன்விளிம்பு வரை வருகிறதா என்று கவனியுங்க. பாதியிலேயே நின்றுவிட்டால் எழும்போது பிடிக்க எதுவும் இருக்காது. அப்பாருவையே கூட்டிப்போய் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்க. அளவு நாடாவைவிட அதுதான் நம்பகம்.

மதியத் தூக்கத்துக்கு ஈஸி சேரை அடித்துக்கொள்ள முடியாது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சிப் பக்கம் வீசும்போது அந்தத் துணியில் சாய்ந்தால் கண் தானாகச் செருகும். குச்சிகளை உருவினால் துணி கழன்றுவரும், துவைத்துப் போடலாம். குச்சி நுழையும் தையல்தான் முதலில் விடும், மாசம் ஒருமுறை அங்கே தடவிப் பாருங்க. மடக்கும்போது குழந்தைகளை அண்டவிடாதீங்க, விரல் நசுங்கும்.