ட்ரேப் துணியில் குறையில்லை, பசையில்தான் எல்லாம் கெடுகிறது

அறுவையின்போது வெட்டும் இடத்தை மட்டும் விட்டு நோயாளியை மூடும் விரிப்புதான் ட்ரேப். ஒருமுறை போட்டு எறிந்துவிடும் டிஸ்போசபிள் ட்ரேப் பேக் விலை இறங்கியிருக்கிறது என்று டீலர் பட்டியல் அனுப்பினாராம். என்னோடு நர்சிங் படித்தவள், இப்போது ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில் தியேட்டர் இன்சார்ஜ், போன் செய்தாள். "நாங்க இன்னும் பச்சை லினன்தான் போடறோம். மாறிடலாமாடி?" லினன் என்றால் துவைத்துக் கிருமி நீக்கித் திரும்பப் போடும் பருத்தித் துணி. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. எங்கள் தியேட்டரில் முழங்கால் மாற்று, ஆர்த்ரோஸ்கோப்பி (மூட்டுக்குள் சின்னக் கேமரா விட்டுச் செய்வது), இடுப்பு முறிவு எல்லாவற்றுக்கும் சில வருடங்களாக இந்த டிஸ்போசபிள் பேக்தான் ஓடுகிறது, அதனால் மீதியை எழுதிவிடுகிறேன்.

துணியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. பாலிப்ரொப்பிலீன் அடுக்குகள், நடுவில் மெல்ட்ப்ளோன் என்ற மிக நுண்ணிய இழை அடுக்கு. தண்ணீர் மேலேயே நிற்கும். பருத்தி லினனை எத்தனை மடிப்பாகப் போட்டாலும், நனைந்த பிறகு கீழே இருக்கும் கிருமி மேலே வர வழி கிடைத்துவிடும். எலும்பு அறுவையில் நனையாத கேஸ் குறைவு. முழங்கால் மாற்றில் எலும்பைக் கழுவுகிறோம், ஆர்த்ரோஸ்கோப்பியில் சலைன் லிட்டர் கணக்கில் ஓடுகிறது. நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அந்த ஆர்த்ரோஸ்கோப்பி ட்ரேப்பின் பவுச், அதாவது பை. வழியும் சலைன் எல்லாம் அதில் இறங்கிக் குழாய் வழியாகப் போய்விடுகிறது. முன்பெல்லாம் தரை முழுக்கத் தண்ணீர், செருப்பு வழுக்கும், கேஸ் முடிந்ததும் தியேட்டர் அட்டெண்டர் அக்கா துடைத்துத் துடைத்துக் கை ஓய்வார். அந்த வேலை இப்போது அநேகமாக இல்லை. பஞ்சு உதிர்வதும் இல்லை. மூட்டுக்குள் இம்பிளாண்ட் வைக்கும் இடத்தில் அது சாதாரண விஷயமில்லை.

சரி, பசைக்கு வருகிறேன்.

லினனை டவல் கிளிப் போட்டுப் பிடிக்கலாம். இதில் கிளிப் குத்தினால் ஓட்டை விழும், தண்ணீர் தடுக்கும் குணமே போய்விடும். ஆக, காலைச் சுற்றி ஒட்ட யூ வடிவில் வெட்டியிருக்கும் யூ ட்ரேப்பின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பசைப் பட்டை ஒன்றுதான் பிடிமானம். முழங்கால் மாற்றில் டாக்டர் காலை நன்றாக மடக்குவார், நீட்டுவார், திரும்ப மடக்குவார். நாங்கள் வாங்கும் பேக்கில், பாதி கேஸில் தொடைப் பக்கம் பட்டை எழும்பத் தொடங்கிவிடும். பீட்டாடின் காயும்வரை பொறுமையாக நின்றுதான் ஒட்டுகிறோம். அப்படியும் எழும்புகிறது. எழும்பிய இடத்தின் வழியாகத் திரவம் உள்ளே போய், ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டும் டூர்னிக்கெட்டுக்குக் கீழே தேங்கினால் தோல் வெந்து புண்ணாகும். சுத்தம் செய்யாத தோலும் வெளியே தெரியும். பெயர்ந்த ட்ரேப்பை இழுத்துச் சரிசெய்யவும் கூடாது, மேலே புதிதாக ஒன்று போட வேண்டும். அதற்கு இன்னொரு பாக்கெட் பிரிக்க வேண்டும். பேக் விலையில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடுகிறது.

பசையை மூடியிருக்கும் பேப்பர் இன்னொரு தலைவலி. இரட்டைக் கிளவ்ஸ் போட்ட கையால் அதன் நுனியைப் பிடிக்கவே முடியாது. பிடித்தால் பாதியில் கிழியும். கோடையில் ஸ்டோரில் கிடந்த பெட்டி என்றால் பசையே பேப்பரோடு வந்துவிடும். இன்னும் கெட்டியான பசை கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இடுப்பு முறிந்து வரும் எண்பது வயதுப் பாட்டியின் தோல் பட்டையோடு உரிந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன், அன்று முழுக்க மனசு சரியில்லை.

கம்பெனி விற்பனை ரெப்பிடம் சொன்னால் இ.என். 13795 சான்றிதழை நீட்டுகிறார். அந்த ஐரோப்பியத் தரம் நீர் தாங்குவது, கிருமி ஊடுருவுவது, கிழிவது, பஞ்சு உதிர்வது என்று துணியைத்தான் அளக்கிறது. பசை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கட்டாய அளவு எதுவும் வைக்கவில்லை. 2020இல் கொரோனாவுக்கான பி.பி.இ. பாதுகாப்பு உடைகளைக் கோயம்புத்தூர் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கை ரத்தம் விட்டுச் சோதித்தார்கள், அதன் பிறகு துணியைப் பற்றி எல்லோரும் கேட்கப் பழகிவிட்டார்கள். பசையைப் பற்றிக் கேட்க யாரும் இல்லை. பர்சேஸில் பேக் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். 2017இல் முழங்கால் இம்பிளாண்டுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்தது. ட்ரேப் அதில் வரவில்லை.

"மேலே அயோடின் இன்சைஸ் ட்ரேப் ஒட்டிடுங்க சிஸ்டர்" என்பது ரெப்பின் அடுத்த பதில். வெட்டப்போகும் தோலின் மேலேயே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அது. ஓரத்தை அது பிடித்துக்கொள்ளும், உண்மைதான். எங்கள் டாக்டருக்கும் அது வேண்டும். ஆனால் அது தொற்றைக் குறைக்கும் என்று சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அயோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொற்றைத் தடுக்க என்று ஒட்டும் பிளாஸ்டிக் ட்ரேப் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. ஒரு பசையின் குறையை மூட இன்னொரு பசைக்குக் காசு கொடுக்கச் சொல்கிறார்கள்.

அதே வழிகாட்டியில், கிருமி நீக்கிய லினனும் டிஸ்போசபிளும் இரண்டுமே சரி என்றுதான் இருக்கிறது. அதனால் லினனிலேயே இருக்கிறோமே என்று என் தோழி கூச்சப்பட வேண்டியதில்லை. துணியை இவ்வளவு புகழ்ந்துவிட்டும் அவளுக்கு நான் சொன்னது: அந்தப் பேக்கை வாங்காதே. ஈரம் குறைந்த கேஸுக்கு லினன் போதும். முழங்காலுக்கு யூ ட்ரேப்பைத் தனியாக, இரண்டு மூன்று கம்பெனியில் வாங்கிப் பார். சாம்பிளை நம்பாதே, ஸ்டோருக்கு வந்த பெட்டியிலிருந்தே ஒன்றைப் பிரித்து, பீட்டாடின் தடவிக் காய்ந்த முழங்காலில் ஒட்டி மடக்கிப் பார்க்கச் சொல்.

எங்கள் அடுத்த ஆர்டரிலும் அந்தப் பேக் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆர்த்ரோஸ்கோப்பி பவுச் ட்ரேப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கீழே சேர்த்திருக்கிறேன்.