துபாயில் ஆசிரியர் வேலை: பள்ளி தரும் வீடா, படியை வாங்கிக்கொண்டு வாடகை வீடா?

துபாயில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் வேலை கிடைத்தால், தங்கும் வசதி இரண்டு விதமாக வரும். ஒன்று, பள்ளியே வீடு கொடுக்கும். இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தந்துவிடும், வீட்டை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பள்ளிகள் எது வேண்டும் என்று நம்மையே கேட்கும். என்னைக் கேட்டார்கள். மனைவியும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் வர வேண்டியிருந்ததால் பள்ளி வீட்டை எடுத்துக்கொண்டேன். குடும்பத்தோடு புதிதாகப் போகிறவருக்கு முதல் வருஷம் அதுதான் சரி என்பது என் கருத்து.

படி வாங்கினால் பிடித்த பகுதியில், பிடித்த அளவில் வீடு பார்க்கலாம். மலிவான வீடாகப் பார்த்தால் மிச்சமும் பிடிக்கலாம். பள்ளி வீட்டில் அதெல்லாம் இல்லை. கொடுத்த இடத்தில் இருக்க வேண்டும், மேலேயும் கீழேயும் நம் பள்ளி ஆசிரியர்கள்தான். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. போய் இறங்கும் வரை பலருக்கும் தெரியாமல் இருப்பது, அங்கே காரியங்கள் எந்த வரிசையில் நடக்கும் என்பது.

துபாயில் வீட்டு வாடகையைப் பெரும்பாலும் மாதாமாதம் கொடுப்பதில்லை. வருஷ வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து, பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். செக் எழுத செக் புக் வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். வங்கியில் எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டையைக் கேட்பார்கள். அது கைக்கு வர மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு, விசா எல்லாம் முடிய வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டு ஒப்பந்தம். ஒப்பந்தத்தை எஜாரி என்ற அரசு வாடகைப் பதிவு முறையில் பதிந்தால்தான் மின்சாரமும் தண்ணீரும் தரும் தேவாவில் இணைப்பு வாங்க முடியும். குடும்பத்துக்கு விசா போடவும் அந்த எஜாரிப் பதிவு வேண்டும்.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன சங்கிலியில் ஒரு கண்ணி இழுத்தால் குடும்பம் வருவது தள்ளிப்போகும், குழந்தையின் வகுப்பும் போகும். என்னோடு சேர்ந்த நாகர்கோவில்காரர் ஒருவர் படியைத் தேர்ந்தெடுத்திருந்தார். செக் புக் வரும்வரை ஒரு அறையில் இருவரோடு தங்கியிருந்தார். "சார், வீடு பாத்து வச்சிருக்கேன், செக் கொடுக்க முடியலையே" என்று ஸ்டாஃப் ரூமில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதே நாட்களில் எங்கள் பள்ளி, தன் பெயரில் இருந்த எஜாரி நகலையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தது. அவற்றை வைத்தே மனைவிக்கும் மகளுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடுத்து, கையிருப்பு. வருஷத்துக்கு 60,000 திர்ஹாம் வாடகை, நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 15,000. ஏஜென்ட் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம், அது 3,000. ஃபர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு முன்பணம் இன்னொரு 5 சதவீதம், அதுவும் 3,000. அடுக்குமாடி வீட்டுக்கு தேவா வைப்புத்தொகை 2,000. ஆக 23,000 திர்ஹாம் முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். முன்பணமும் தேவா வைப்புத்தொகையும் திரும்பி வரும் பணம்தான், ஆனால் காலி செய்யும்போதுதான் வரும். கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் வருகிறவர் ஊரில் நகையை வைத்துத்தான் இதைப் புரட்ட வேண்டியிருக்கும்.

வீடு எடுத்த பிறகும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. தேவா பில்லில் மின்சாரம், தண்ணீருக்குக் கீழே வீட்டுவசதிக் கட்டணம் என்று ஒரு வரி வரும். வருஷ வாடகையில் 5 சதவீதத்தை 12 மாதத்துக்குப் பிரித்துப் போடுவார்கள். 60,000 வாடகைக்கு மாதம் 250 திர்ஹாம். படி எவ்வளவு என்று பார்க்கிறவர்கள் இதையும் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு படுக்கையறை வீடு. கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாம் இருந்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரை அடுப்பில் ஏற்றியதும் குடித்தனம் தொடங்கிவிட்டது. காலையில் ஸ்டாஃப் பஸ் கட்டிட வாசலுக்கே வரும். மகளும் அதே பள்ளி என்பதால் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வருவாள். பாதி வழி தூங்கிக்கொண்டுதான் வருவாள். புது ஊரில், புது வகுப்பில் அவளுக்கு அந்தத் துணை எவ்வளவு பெரிய விஷயம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

வாடகை மலிவு என்று பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் வீடு எடுத்து துபாய்க்கு வந்து போகிறவர்கள் நிறையப் பேர். நான் அங்கே குடியிருந்ததில்லை. ஷார்ஜாவிலிருந்து துபாய் வரும் அல் இத்திஹாத் சாலையின் காலை நெரிசலைப் பார்த்தால், ஏழு மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டிய ஆசிரியருக்கு அது ஒத்துவருமா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. 2022 முதல் ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வார விடுமுறை. துபாய் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை அரை நாள் வகுப்பு உண்டு. அப்பாவோ அம்மாவோ துபாய் பள்ளியில், பிள்ளை ஷார்ஜா பள்ளியில் என்றால் வெள்ளிக்கிழமை காலை பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஒரு கேள்வி வரும்.

பள்ளி வீட்டின் பெரிய குறை, அது வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். சொந்தப் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் சட்டம் நம் பக்கம் நிற்கும். புதுப்பிக்கும்போது வாடகையை மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளர் 90 நாட்களுக்கு முன் சொல்ல வேண்டும். விற்பதற்கோ தான் குடியேறவோ காலி செய்யச் சொன்னால் 12 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பள்ளி வீட்டில் நமக்கு இந்தப் பிடி கிடையாது. அதனால் எத்தனை வருஷம் ஆனாலும் அங்கேயே இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் வேலை ஒப்பந்தத்தில் படிக்கு மாறலாமா என்று சேரும்போதே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அதோடு இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். வீடு குடும்பத்துக்குத் தனியாகவா, இன்னொரு ஆசிரியரோடு பகிர்ந்தா? மின்சார பில்லும் ஏசி செலவும் யார் தலையில்? குடும்ப விசாவுக்கு எஜாரி நகலும் கடிதமும் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் சொன்ன சாதகம் பாதி போய்விடும்.

கணவனோ மனைவியோ ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்து, கையில் செக் புக்கும் இருந்தால் இந்தக் கணக்கே வேறு. அவர்கள் தயங்காமல் படியை வாங்கிக்கொள்ளலாம்.