ஐரிஸ் கிழங்கை ரெண்டு தரம் கிளப்பி நட்ட அனுபவம் (2018 - 2025)

கனடாவில, ரொறொன்ரோ ஸ்காபரோவில வீடு வாங்கின வருசம், 2018, பக்கத்து வீட்டு இத்தாலியன் அம்மா ஒரு பை நிறைய ஐரிஸ் பூக்கண்டுக் கிழங்கு தந்தவ. பாத்தா அப்பிடியே இஞ்சி. ஊரில இஞ்சியும் மஞ்சளும் நட்டுப் பழகின கை எல்லோ, நானும் நாலு விரல் ஆழத்தில தாட்டு, மேல மண்ணை வடிவா மூடி, மல்ச்சும் (மண்ணுக்கு மேல பரப்பிற மூடாக்கு) போட்டு விட்டன். 2019 வெறும் இலை. 2020உம் இலை. உரம் காணாதாக்கும் எண்டு புல்லுக்குப் போடுற நைட்ரஜன் உரத்தையும் எறிஞ்சன், அது இன்னும் பிழை, இலைதான் கொழுத்துது.

ஒருநாள் அந்த அம்மா வேலிக்கு மேலால எட்டிப் பாத்திட்டு, தன்ர முதுகில ரெண்டு தட்டுத் தட்டி, வானத்தைக் காட்டினவ. கிழங்கின்ர முதுகில வெயில் படவேணுமாம்! (இது பூவிதழில தாடி மாதிரி மயிர் இருக்கிற பியர்டட் ஐரிஸுக்கு மட்டும், சைபீரியன் ஐரிஸ் கொஞ்சம் மண்ணுக்குள்ளதான் இருக்கோணும்.)

2021 ஓகஸ்ட் நடுவில எல்லாத்தையும் கிளப்பினன். இஞ்ச ஜூலை கடைசியில இருந்து செப்டெம்பர் தொடக்கத்துக்குள்ள செய்தாத்தான் நிலம் உறைய முதல் வேர் பிடிக்கும். இலையை ஒரு சாண் விட்டு விசிறி மாதிரி வெட்டி, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ப்ளீச் தண்ணியில தோய்ச்சு, நடுவில கிடந்த பழைய தாய்க்கிழங்கை எறிஞ்சிட்டன், ஒருக்கா பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது, பக்கத்தில வந்த பிள்ளைக்கிழங்குதான் பூக்கும். குழிக்குள்ள சின்ன மண்மேடு கட்டி, கிழங்கை அதில குதிரையில இருத்திற மாதிரி இருத்தி, வேரை ரெண்டு பக்கமும் விட்டு மூடினன். ஒண்டுக்கொண்டு ஒண்டரை அடி இடைவெளி. கையுறை போடுங்கோ, சாறு பட்டுக் கடிச்சது எனக்கு.

மார்ச்சில பாத்தா ரெண்டு கிழங்கை உறைபனி வெளியில தள்ளி விட்டிருந்துது. திருப்பி அமத்தி மேல கல் வச்சன். 2022இல 3 பூத்தண்டு, 2023இல 19! ரோட்டால போறவையும் நிண்டு பாத்திட்டுத்தான் போனவை. ஆனா பூ மூண்டு கிழமைதான், நடுவில ஒரு பெருமழை பெய்தா அதுவும் சரிஞ்சு போம்.

2024 ஜூனில இலை ஓரமெல்லாம் ஈரக்கோடு. கிழங்கை அமத்தினா விரல் உள்ள போகுது, அழுகின உருளைக்கிழங்கு நாத்தம். பிளந்தா உள்ளுக்க ரோஸ் நிறத்தில ஒரு கொழுத்த புழு, ஐரிஸ் போரர். இதின்ர முட்டை பழைய இலையிலதான் குளிர்காலம் கழிக்கும், நான் ஸ்னோவுக்குப் பாதுகாப்பு எண்டு அந்த இலையை வெட்டாமல் விட்டனான்! ஓகஸ்டில ரெண்டாந்தரம் கிளப்பி, அழுகினதைச் சீவி, ரெண்டு நாள் காயவிட்டு, வேற இடத்தில நட்டன். இப்ப நவம்பரில இலை ஒண்டும் மிச்சம் விடுறேல்ல. 2025இல 11 தண்டு.

புதுசா வாங்கிறவை ஜூன் தொடக்கத்தில ரொறொன்ரோவுக்குக் கிட்ட பேர்லிங்டனில ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின்ர லேக்கிங் கார்டன் எண்ட பூந்தோட்டத்துக்குப் போய் நிறத்தைக் கண்ணால பாத்திட்டு வாங்குங்கோ, நான் ஒன்லைனில ஊதா எண்டு எடுத்தது மஞ்சளாப் பூத்துது.

நட்டு மிஞ்சின கிழங்கை அந்த அம்மாவுக்கே திருப்பிக் குடுத்தன். அவவின்ர பாத்தியையும் அதே புழு அதே வருசம் முடிச்சுப் போட்டுது.