டர்பனில் பிள்ளைகளின் குறட்டைக்குச் சிகிச்சை: ஒரு தனியார் கிளினிக் பற்றி

இங்கே குறட்டைக்கு அறுவை செய்து, டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறம் உள்ள சதை) இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார்கள். அதற்கு முன் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை (தூங்கும்போது மூச்சைக் கவனிப்பது) செய்கிறார்கள். நல்ல வழக்கம், குறட்டைச் சத்தத்தை வைத்து மூச்சடைப்பின் கடுமையை அளக்க முடியாது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பலனைப் பற்றி இங்கே பேசுவதுதான் மிகை. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் அறுவை செய்துகொண்டவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கத்தில் மூச்சு சீரானது. செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம்! அறுவை செய்துகொண்டவர்களின் நடத்தை மேம்பட்டது, ஆனால் கவனச் சோதனையில் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே "படிப்பில் முதலில் வருவான்" என்பதை நம்பாதீர்கள்.

பருமனான பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பிறகும் மூச்சடைப்பு மிஞ்சுவது அதிகம். தூக்க மறுபரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், இங்கே தாமாகச் சொல்வதில்லை. அறுவைக்குப் பின் வலிக்குக் கோடீன் (ஓபியாய்டு வகை வலி மருந்து) கூடாது. அறுவைக்குப் பின் 5–10ஆம் நாளில் தொண்டைப் புண்ணின் பொருக்கு உதிரும்போது ரத்தம் வந்தால், கொஞ்சமென்றாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.