தயிருக்கு முழுப் புள்ளி, அன்னாசிக் கப்புக்கு முட்டை

கல்லடிப் பக்கம் உள்ள ஒரு சின்னத் தயிர்க் கடை. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். சட்டித் தயிரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: நல்ல எருமைத் தயிர், சட்டியைச் சரித்தாலும் அசையாது, கரண்டியால் வெட்டின இடம் வெட்டினபடியே நிற்கும். கித்துள் பாணி ஊற்றினால் அந்தக் குழியில் தேங்கி நிற்கும், அவ்வளவு இறுக்கம்.

இப்போது புதிதாக அன்னாசித் துண்டு கலந்த கப் விற்கிறார்கள். காலையில் இரண்டு வாங்கி பிரிட்ஜில் வைத்தேன். பின்னேரம் திறந்தால் தயிர் இளகி, தண்ணீர் விட்டிருந்தது. ஒரு வாய் வைத்த மகள், "அப்பா, பழுதாப் போச்சு" என்று துப்பிவிட்டாள். பழைய தயிர் என்றால் புளிக்கும். இது வேப்பங்கொழுந்து மாதிரிக் கசந்தது.

உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறவனுக்கு இதற்குமேல் சும்மா இருக்க முடியுமா? புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி, இரண்டு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி பெப்டைட்டுப் பிணைப்பு உண்டாகும். நீர் திரும்பவும் புகுந்தால் அது அறும், ஆனால் நடுநிலையான நீரில், அறை வெப்பத்தில், தானாக அறுவதென்றால் பாதிக்கே சில நூறு வருடங்கள் பிடிக்கும். பச்சை அன்னாசியில் உள்ள புரோமலெயின் என்ற நொதியமோ அதைச் சில மணித்தியாலங்களில் செய்துவிடுகிறது. பால் புரதத்தில் பெரும்பங்கு கேசின், அதைத்தான் வெட்டுகிறது. முழுக் கேசின் கசக்காது. சின்னச் சின்னத் துண்டாகி, அதிலும் நீரை ஒதுக்கும் அமினோ அமிலங்கள் கூடிய துண்டுகள் நாக்கில் பட்டால்தான் அந்தக் கசப்பு.

அடுத்த நாள் போய்ச் சொன்னேன். கடைத் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சேர், அன்னாசி அன்றைக்குக் காலையில வெட்டினது, புதுசு."

"அதுதான் தம்பி பிரச்சினை."

வீட்டில் அதே தயிரில், சீனி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்ட அன்னாசியைக் கலந்து வைத்தேன், மறுநாளும் கசக்கவில்லை. சூட்டில் நொதியம் குலைந்துவிடும். பச்சை அன்னாசிதான் வேண்டுமென்றால் சாப்பிடும் நேரத்தில் கலந்தால் போதும். நான் இப்போது சட்டியை மட்டும்தான் வாங்குகிறேன்.

அடுத்ததாகப் பப்பாசிக் கப் போடுகிற யோசனை இருக்கிறதாம். மாட்டிறைச்சி மிருதுவாவதற்கு ஏன் பப்பாசிக்காய் போடுகிறோம் என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தான்.