4,350 ரூபாய் கொடுத்து என் பழைய வைஃபை கார்டையே திரும்ப வாங்கி வந்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் லேப்டாப் வைத்திருப்பவர்கள், அதிலும் வைஃபை வரவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்கள், கிளம்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனையூரில் வீடு, முன்னறைதான் ஆபீஸ். கீழமாசி வீதியில் இரண்டு மளிகை மொத்தக்கடை, செல்லூரில் ஒரு ஜவுளிக்கடை, அப்புறம் சில சில்லறைக் கடைகள். இவர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். மாதா மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

இந்த மாதம் 16ஆம் தேதி நெட் லைன்காரர்கள் வந்து பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். "வைஃபை 6 சார், பறக்கும்" என்றார்கள். என் போனில் பறந்தது. மனைவி போனில் பறந்தது. டிவியிலும் பறந்தது. 2016இல் வாங்கிய என் லேப்டாப்பில் மட்டும் வீட்டு வைஃபையின் பெயரே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெயர் தெரிகிறது, எதிர் மாடியில் தங்கியிருக்கும் பையன்கள் வைத்திருக்கும் கோமாளிப் பெயர் தெரிகிறது, நம் வீட்டுப் பெயரை மட்டும் காணோம்.

இந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லேப்டாப்புக்குள் இருக்கிற வைஃபை கார்டு செத்துப்போயிருந்தால் அடுத்த வீட்டுப் பெயர் எப்படித் தெரியும்? உறைக்கவில்லை. 20ஆம் தேதிக்கு நாலே நாள், ஒன்பது ரிட்டர்ன் பாக்கி. ஏரோப்ளேன் மோடை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், மோடத்தையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

கடையின் பெயரைப் போட மாட்டேன். பைபாஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிற சின்ன லேப்டாப் சர்வீஸ் கடை என்பதோடு விடுகிறேன். ஷட்டர் போட்ட ஒற்றை அறை, சுவர் முழுக்கப் பழைய கீபோர்டு, மேஜையில் பெரிய லென்ஸ் வைத்த விளக்கு. முப்பது வயசு இருக்கும், நெற்றியில் விபூதி. "வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார், சொன்னேன். "எங்கப்பாவும் மண்டில கணக்கு எழுதுனவருதாண்ணே. 20ந்தேதி கஷ்டம் எனக்குத் தெரியாதா? நாளைக்குச் சாயங்காலம் கையில குடுத்துர்றேன்" என்றார்.

நான் விழுந்தது அங்கேதான். அவர் அப்பா நிஜமாகவே கணக்கு எழுதினாரோ என்னவோ. லென்ஸ் விளக்கைப் பார்த்தோ சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்தோ நம்பவில்லை. அந்த 'கணக்கு எழுதுனவருதாண்ணே'வைக் கேட்டுத்தான் நம்பினேன்.

லேப்டாப்பைத் திறந்து ஏதோ இரண்டு இடத்தில் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "வைஃபை கார்டு போயிருச்சுண்ணே. ஆன்டெனா வயரும் உள்ளே அரிச்சிருக்கு. ரெண்டையும் மாத்திருவோம்." கார்டு 2,400, ஆன்டெனா வயர் 750, சர்வீஸ் 1,200. மொத்தம் 4,350 ரூபாய். பில் உண்டா என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்! "பில் போட்டா 18 பர்சென்ட் தனியா வரும்ணே, உங்களுக்கு எதுக்கு அது?" என்றார்.

நாள் முழுக்க நான் அடுத்தவர்களுக்குச் சொல்வது என்ன தெரியுமா? பில் வாங்குங்கள், பில் வாங்குங்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாய்க்குக்கூட எதையும் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடைக்காரர் வரியே வாங்கக் கூடாது. பதிவு இருக்கிறவர் பில் இல்லாமல் விற்கக் கூடாது. இதில் நீ எந்த வகை என்று அவரைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். 4,350க்குப் 18 சதவீதம் 783 ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், 783 மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அட்வான்ஸ் 2,000 ரூபாயைப் பணமாகவே எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போனேன். அவருடைய போன் ஹாட்ஸ்பாட்டில் என் லேப்டாப்பை இணைத்து யூடியூப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டுக் காட்டினார். "பாருங்கண்ணே, சும்மா பிச்சுக்கிட்டு போகுது." மீதி 2,350ஐ ஸ்கேன் செய்து அனுப்பினேன். கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. அதையும் பார்த்தேன், அதையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டால், வீட்டு வைஃபை பெயர் இல்லை. முன்னே மூன்று நாலு பெயராவது தெரிந்தது. இப்போது பக்கத்து வீட்டுப் பெயர் மட்டும், அதுவும் ஒற்றைக் கோட்டில் மங்கலாக.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. 18ஆம் தேதி ராத்திரி போன் போட்டேன். "மோடம் பிரச்சனைண்ணே, லைன்காரனக் கூப்பிடுங்க." லைன்காரரைக் கூப்பிட்டேன். "எல்லா போன்லயும் வருதுல்ல சார், லேப்டாப்தான் பிரச்சனை." திரும்பக் கடைக்குப் போட்டேன். "உங்க ஏரியால சிக்னல் வீக்கா இருக்கும்ணே." என்னுடைய மோடம் என் மேஜையிலிருந்து ஆறடி தூரத்தில் இருக்கிறது, இதில் ஏரியா எங்கே வந்தது? அடுத்த போனை எடுக்கவில்லை. அதற்கடுத்ததைப் பையன் எடுத்து, "அண்ணன் மாட்டுத்தாவணி போயிருக்காரு" என்றான்.

19ஆம் தேதி காலையில் நேரில் போனேன். காளவாசல் சிக்னலில் வெயிலில் நின்று, வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றால் டீயும் இல்லை, ஸ்டூலும் இல்லை. "இங்க ஓடுச்சா இல்லையா? நீங்களே பாத்துட்டுத்தான எடுத்துட்டுப் போனீங்க? எலெக்ட்ரானிக் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாதுண்ணே." சரி, கழற்றிய பழைய கார்டையாவது கொடுங்கள் என்றேன். "அது குப்பைக்குப் போயிருச்சு." சொல்லிவிட்டு வேறொருவரின் லேப்டாப்பைத் திருகத் தொடங்கிவிட்டார். 4,350 ரூபாய் வாங்கிய மனுஷன், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் என் அக்கா மகனைத் திருமங்கலத்திலிருந்து வரச் சொன்னேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். முதலிலேயே அவனைக் கூப்பிட்டிருக்கலாம். காலேஜ் பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு விலை 4,350 ரூபாய்.

வந்தவன் முதலில் கேட்டது, "மாமா, உங்க போன் ஹாட்ஸ்பாட் போட்டுப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. "மோடம் டப்பாவுல மஞ்சக் கேபிள் ஒண்ணு இருந்துருக்குமே, அதச் சொருகிப் பாத்தீங்களா?" அந்த லேன் கேபிள் டப்பாவிலேயே சுருட்டியபடி கிடந்தது. என் லேப்டாப்பில் அதற்கான ஓட்டையும் இருக்கிறது. வைஃபையே இல்லாமல் அன்றைக்கே ஒன்பது ரிட்டர்னையும் முடித்திருக்கலாம். கடைக்குப் போகவே தேவையிருந்திருக்காது.

கேபிளைச் சொருகினான், நெட் வந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபை கார்டின் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கிற சின்ன சாப்ட்வேர், அதன் தேதியைக் காட்டினான். 2016. லேப்டாப் வந்தபோது இருந்த அதே டிரைவர். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்தவன் நான்தான், ரிட்டர்ன் போடுகிற நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகித் தொலைக்குமே என்ற பயத்தில். அவன் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். வைஃபை 6 மோடம் தன் பெயரை அறிவிக்கும்போது சில புதிய விவரங்களையும் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் காலத்து டிரைவர்கள் சிலவற்றுக்கு அது புரிவதில்லை, புரியாததால் அந்தப் பெயரைப் பட்டியலிலேயே காட்டுவதில்லை. கார்டில் பழுது எதுவும் இல்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டான். பதினைந்து நிமிஷத்தில் வீட்டு வைஃபை பெயர் வந்து நின்றது. செலவு, அவனுக்கு வாங்கிக் கொடுத்த இரண்டு பரோட்டா.

ஆனால் சிக்னல் மட்டும் ஒரு கோடு, இரண்டு கோடு என்று தள்ளாடியது. புது கார்டு, புது ஆன்டெனா, மோடம் ஆறடியில், பிறகு ஏன் என்று அவனுக்குச் சந்தேகம். சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே பார்த்ததை மறக்க மாட்டேன். தீப்பெட்டியில் பாதி அளவுகூட வராத ஒரு கார்டு, அதன் மேல் பல வருஷத்துத் தூசி. நேற்று மாட்டிய கார்டில் ஏது அத்தனை தூசி? அதில் மாட்ட வேண்டிய வயர் இரண்டு. ஒன்று மாட்டியிருக்கிறது, இன்னொன்று கழன்று சும்மா தொங்குகிறது. ஆன்டெனா வயருக்கு 750 ரூபாய் வாங்கியவர்கள் செய்த வேலை, நன்றாக இருந்த வயரைக் கழற்றிவிட்டதுதான். அவன் அதை மெதுவாக அழுத்தினான், 'டிக்' என்று உட்கார்ந்தது. சிக்னல் முழுசாக வந்தது.

தூசியை வைத்து மட்டும் சொல்கிறாயா என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு நம்பர் உண்டு, மேக் அட்ரஸ் என்பார்கள். கார்டு மாறினால் நம்பரும் மாறும். செல்லூர் ஜவுளிக்கடையில் பதிவு செய்த சாதனங்களை மட்டும்தான் வைஃபையில் விடுவார்கள். அதற்காக என் லேப்டாப்பின் நம்பரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். டைரியை எடுத்தேன். அவன் கார்டின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கப் படிக்க நான் டைரியில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டும் அப்படியே ஒத்துப்போனது. என் கார்டை எனக்கே 2,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

நேற்று காலையில் கடைக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "அது சாப்ட்வேர்ல பழைய நம்பர்தான் காட்டும்ணே, உங்களுக்குத் தெரியாது" என்றார். ஸ்டிக்கரிலும் சாப்ட்வேர் ஓடுகிறதா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார் போல, மணியே அடிக்கவில்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல் நகரும் லட்சணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒன்பதையும் முடிக்க ராத்திரி பதினொன்றேகால் ஆனது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இணைந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புது மோடம் வந்த பிறகு பிரச்சினை என்றால் டிரைவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொடுக்கும் முன் மேக் அட்ரஸைக் குறித்துக்கொள்ளுங்கள், விண்டோஸில் வைஃபை செட்டிங்கில் பிசிக்கல் அட்ரஸ் என்று கடைசியில் இருக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பில். பில். பில்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் கோர்ட்டில் 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். கையில் பில் இல்லாத கணக்குப்பிள்ளை யாரோ ஒரு பெண் பெயரில் போன 2,350 ரூபாய் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது என்பதுதான் தெரியவில்லை. பணமாகக் கொடுத்த 2,000க்கு அதுவும் இல்லை.

கடை பத்து மணிக்குத் திறக்கும். எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. டைரியை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கே போய் அங்கே உட்காரப் போகிறேன். அக்கா மகனும் வருகிறேன் என்கிறான்.