இராவணனா, கிரேயோனா, பாண்டியனா? அவலநாயகன் ஆகும் அரசன்

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்தவனின் வாள் பட்ட பிளவு என்பது கதை. அந்தத் தாய்க்கு இறுதிக்கடன் கழித்த இடம் என்றுதான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் சொல்கிறோம். அதனால் அவலநாயகன், அதாவது தன் பிழையாலேயே வீழும் கதைத்தலைவன், என்றால் திருகோணமலையில் எங்களுக்கு முதலில் நினைவு வருகிறவன் அவன்தான்.

ஆனால் கம்பனின் இராவணனிடம் ஒன்று குறைகிறது. சீதையை விட்டுவிடு என்று இந்திரசித்து கெஞ்சும்போது, "இன்று உளார் நாளை மாள்வார், புகழுக்கும் இறுதி உண்டோ?" என்கிறான். சாவு வருவது தெரிகிறது, தன் பிழை தெரியவில்லை. மெய் சிலிர்க்கிறது, சரி. ஆனால் அறியாமையிலிருந்து அறிவுக்கு வரும் அந்தத் திருப்பத்தையும் அவல நாடகத்துக்கு இலக்கணம் சொன்ன கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கேட்கிறாரே.

சொபோக்கிளிஸின் கிரேக்க நாடகமான 'அன்டிகனி'யில் வரும் அரசன் கிரேயோனுக்கு அது கிடைக்கிறது. தன் நகரின்மேல் படையெடுத்து வந்து இறந்த பொலினீசஸின் உடலை அடக்கம் செய்யக்கூடாது என்று ஆணையிடுகிறான். கன்னியாவில் கால் நனைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய பிழை என்று விளக்கத் தேவையில்லை. மகன் சொல்லியும் கேட்காதவன், குருட்டுத் தீர்க்கதரிசி எச்சரித்த பிறகே இளகுகிறான். ஆணையை மீறி அந்த உடலுக்கு மண் போட்டதற்காகக் குகையில் அடைத்த பொலினீசஸின் சகோதரி அன்டிகனியை முதலில் விடுவி என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவனோ உடலை அடக்கிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்குகிறாள். பிறகு மகன், அப்புறம் மனைவி. இவன் மட்டும் உயிரோடு மிஞ்சுகிறான். அந்தத் தண்டனையின் நீளத்தில் வேறு எவரும் இவனுக்கு ஈடில்லை.

இருந்தும் என் மனம் பாண்டியன் நெடுஞ்செழியனிடம்தான் போகிறது. சிலப்பதிகாரம் காப்பியம்தான், ஆனால் வழக்குரை காதை முழுக்க நாடகம். தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகி தன் சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் மன்னனின் வாயருகே தெறிக்கிறது. கிரேயோனை மிரட்டித் திருப்ப வேண்டியிருந்தது. இவனுக்கு ஒரு பரல் போதும். "யானோ அரசன்? யானே கள்வன்" என்கிறான். கொல்லன்மேல் பழியைப் போட்டுத் தப்பியிருக்கலாம். அவன் சொல்லைக் கேட்டதையே தன் குற்றமாக எடுத்துக்கொள்கிறான்.

அடுத்த வரிதான் என்னை நிறுத்துகிறது: தென்னாட்டுக் காவல் "என்முதற் பிழைத்தது, கெடுக என் ஆயுள்." பிழைத்தல் என்றால் குறி தவறுதலும்தான், "யானை பிழைத்த வேல்" என்று குறள் சொல்வது அதைத்தானே. அவலநாயகனின் பிழைக்கு அரிஸ்டோட்டில் சொல்லும் 'ஹமார்ஷியா' என்ற கிரேக்கச் சொல்லின் பழைய பொருளும் அதுவே. அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு விழுகிறான் பாண்டியன்.

எங்கள் கிழக்கின் கண்ணகி அம்மன் கோயில்களில் அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பாடும்போது, அம்மனின் பக்கத்தில் இருந்து கேட்டும் எனக்கு அந்த அரசனுக்காகத் தொண்டை அடைக்கிறது.